சிலோன் முருகையன் வீட்டுச் சாமி

சேந்தங்கரையில் முருகையன் என்று கேட்டால் எந்த முருகையன் என்பார்கள். சிலோன் முருகையன் என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். ஐம்பது வருஷமாக இந்த ஊர் வயல்களில் அண்டை வெட்டுகிற ஆள். நடவுக்கு முன்னால் வரப்போரத்துப் புல்லை மண்வெட்டியால் செதுக்கி, சேற்றை வாரி வரப்பில் அறைந்து மெழுகுவதைத்தான் அண்டை வெட்டுவது என்போம். அவர் மெழுகின வரப்பில் சைக்கிளில் போகலாம். வயது அறுபத்து நாலு ஆகிறது, இன்னும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. பிறந்தது சிலோனில், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்து வீட்டில். பதின்மூன்று வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்தார். இத்தனை வருஷமாகியும் அவர் பெயருக்கு முன்னால் இருக்கிற சிலோனை ஊர் எடுக்கவில்லை.

நான் அவருக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சம்பந்தி தங்கையன் ஒரத்தநாட்டிலிருந்து வந்திருந்தார். முருகையன் மகன் இளம்பரிதி சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். அவன் பெண்சாதி கயல்விழி, தங்கையன் மகள், பிள்ளையோடு இங்கே மாமனார் வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்குப் பெயர் தமிழ்நிலா. ஒரு வயது முடிந்துவிட்டது, முதல் முடி எடுக்க வேண்டும். அதைப் பேசத்தான் தங்கையன் வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"ஆனியில வச்சுக்குவோம் சம்பந்தி. மாப்பிள்ளையும் லீவுல வர்றாரு. எம்மவன் மடியில ஒக்காத்தி வச்சு எடுத்துடலாம். எந்தக் கோயிலுன்னு மட்டும் சொல்லுங்க, வேன் பேசணும்."

முருகையன் வாயில் வெற்றிலை இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தார். அவர் பெண்சாதி அம்சம் வேலை இருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போனாள்.

"ஒங்க கொலசாமி எங்க இருக்கு? கல்யாணத்தப்பவே கேட்டேன். பத்திரிகைய நாகூர்ல வச்சிட்டேன்னீங்க. சரி, வேண்டுதல் போலன்னு விட்டுட்டேன். மொத முடி அப்படி இல்லீங்களே."

"பாத்துச் சொல்றேங்க."

"இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? கொலசாமி என்ன பஸ்சு டைமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருகையன் சிரிக்கவில்லை. எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

எங்கள் பக்கம் பிள்ளையின் முதல் முடி அப்பா வழிக் குலசாமிக்குத்தான். வேறெங்காவது இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று பயப்படுவார்கள். அதை விடுங்கள். குலசாமி இல்லாத வீடு என்றால் பங்காளி இல்லாத வீடு, ஊர் இல்லாத வீடு. இது தெரிந்தால் தங்கையன் என்ன நினைப்பாரோ, கயல்விழி என்ன நினைப்பாளோ என்று முருகையனுக்குப் பயம். நியாயமான பயம்தான். அவருடைய அப்பா ஒரு தடவை இந்தக் கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டு மரத்தில் கட்டப்பட்டு நின்றவர்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முருகையனின் தாத்தா இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் எங்கோ ஒரு மிராசுதாரரிடம் பண்ணையாளாக இருந்தவர். பண்ணையாள் என்பது பேச்சுக்கு, உள்ளது அடிமை வேலைதான். அப்பன் பண்ணையாள் என்றால் பிள்ளையும் பண்ணையாள். சொல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டினால் சவுக்கடி, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிற சாணிப்பால். வெள்ளைக்காரன் அடிமை முறையை ஒழித்துவிட்டதாகச் சட்டம் எழுதி வைத்திருந்தான். எழுதினவன் வயலில் வந்து இறங்கிப் பார்க்கவில்லை, அவனுக்குத் தீர்வை வந்தால் போதும். அதே வெள்ளைக்காரனுக்குச் சிலோன் மலையில் தேயிலை வளர்க்க ஆள் வேண்டியிருந்தது. அதற்குக் கங்காணிகள் வந்து ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். எங்கள் சேந்தங்கரை மேலத்தெருவிலும் ஒரு கங்காணி இருந்தார். அவர் பின்னால்தான் தாத்தா போனார்.

போகிற வழியில் மண்டபம் முகாமில் நிறுத்தி, கழுத்தில் ஒரு தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டார்கள். அந்த வில்லை இன்னும் முருகையனிடம் இருக்கிறது. பழைய வெள்ளி ரூபாய் அகலம், மேலே ஓர் ஓட்டை, ஓர் இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர். எழுத்து எந்த ஜில்லா என்று சொல்லும், நம்பர் எந்தத் தோட்டம் என்று சொல்லும். கழுத்தில் போட்டிருக்கிறவன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது அதில் இருக்கிறது. எங்கிருந்து வந்தான் என்பது இல்லை.

தாத்தாவும் அதைச் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் வெளியே தெரிந்தால் அங்கே இருக்கிற அண்ணன் தம்பியைப் பிடித்துக் கட்டுவார்கள் என்று பயம். கடல் தாண்டி மலை ஏறின பிறகும் அந்தப் பயம் விடவில்லை. பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாமல் செத்தார்.

தோட்டத்துப் பதிவில் கங்காணியின் ஆட்கள் எல்லோருக்கும் சொந்த ஊர் என்று கங்காணியின் ஊரையே எழுதியிருந்தார்கள். பிறகு இரண்டு நாட்டுக்கும் சுதந்திரம் வந்தது. உனக்கு இத்தனை லட்சம், எனக்கு இத்தனை லட்சம் என்று உட்கார்ந்து அந்த ஜனங்களைப் பங்கு போட்டார்கள். முருகையன் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. குடும்பக் கார்டில் சொந்த ஊர் சேந்தங்கரை, மன்னார்குடித் தாலுகா என்று போட்டுக் கொடுத்தார்கள். எழுபத்து நாலில் கப்பல் ஏறி, தாத்தா போன அதே மண்டபம் முகாமில் தங்கி, ரயிலும் பஸ்ஸுமாக இங்கே வந்து இறங்கினார்கள்.

சொந்த ஊருக்கு வந்துவிட்டோம் என்றுதான் அப்பா நினைத்தார். சாமியும் கையில் இருந்தது. தோட்டத்தில் கங்காணி கட்டின பெரிய கோயில் கரைமேல் ஐயனாருக்கு. பிறந்ததிலிருந்து கும்பிட்டவர், அதுவே நம் குலசாமி என்று நம்பிவிட்டார். இங்கே வந்த மூன்றாம் நாள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, இரண்டு தேங்காய் வாங்கிக்கொண்டு, மேலத்தெருக்காரர்களின் கரைமேல் ஐயனார் கோயிலுக்குள் நேராக நடந்து போனார். சந்நிதியில் போய் நின்று, "சாமி, ஒம்புள்ளைங்க வந்துட்டோம்" என்றார்.

அவரை இழுத்துவந்து வேப்பமரத்தில் கட்டினார்கள். காலையில் கட்டினது, பொழுது சாயும்வரை அவிழ்க்கவில்லை. பதின்மூன்று வயது முருகையன் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கீழத்தெரு ஆட்கள் போய்க் கையைக் காலைப் பிடித்து மீட்டு வந்தார்கள். என் தாத்தா வீராசாமியும் போனாராம். வாய்க்கால் கரையில் குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எந்தச் சாமி, யார் பங்காளி என்று கேட்டார்கள். அப்பாவிடம் பதில் இல்லை. அப்புறம் சாகும்வரை அவர் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நாகூர் தர்காவுக்கு மட்டும் போவார். அங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள் என்பாராம். இளம்பரிதிக்கு முடி எடுத்ததும் நாகூரில்தான். அம்சமும் சிலோனிலிருந்து வந்த குடும்பம் என்பதால் அவர்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

இப்போது தங்கையன் திறந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து முருகையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாறா, வண்டி சும்மா இருக்கா?"

"எங்கண்ணே போவணும்?"

"மேலத்தெருவுக்கு."

"மேலத்தெருவுக்கு வண்டியா? நடந்தா அஞ்சு நிமிசம்."

"நடந்து போனா பாதியில திரும்பிடுவேன்டா."

கங்காணியின் பேரன் ரெங்கசாமிக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. மகன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நிலமெல்லாம் குத்தகைக்கு விட்டாயிற்று. அதில் பாதி வரப்பு முருகையன் மெழுகினது. எங்களைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைக் காட்டினார். "வா முருகையா, ஒக்காரு. இது யாரு, வீராசாமி பேரனா? நீயும் ஒக்காரு." நான் உட்கார்ந்தேன். முருகையன் ஒரு நொடி நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒங்க தாத்தா சிலோனுக்கு ஆளு கூட்டிட்டுப் போனாருல்ல. எங்க தாத்தாவ எந்த ஊர்லேருந்து கூட்டிட்டுப் போனாருன்னு ஏதாச்சும் தெரியுங்களா?"

"நூறு வருசத்துக் கதைய இப்ப வந்து கேக்குற?"

"பேத்திக்கு மொத முடி எடுக்கணும்யா."

கிழவருக்கு அது போதும், புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஒங்கப்பன் கோயிலுக்குள்ள வந்தான்ல, அன்னைக்கு நானும் இருந்தேன்" என்றார்.

"தெரியும்யா. அந்தத் தேங்காய ஒடச்சுத் தின்னதுல நீங்களும் ஒரு ஆளு."

நான் வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்தேன். சாவி என் கையில்தான் இருந்தது.

ரெங்கசாமி கோபப்படவில்லை. "மறக்கலையா நீ" என்று மட்டும் சொன்னார்.

"எதுக்க நின்னவனுக்கு எப்படிங்க மறக்கும்?"

"சரி, சொல்றேன் கேளு. எங்க தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆளு பிடிச்சாரு, வேதாரண்யம் பக்கம் பிடிச்சாரு, பட்டுக்கோட்டைப் பக்கம் பிடிச்சாரு. மழ பொய்ச்ச ஊரா பாத்துப் போவாராம். ஆனா இந்த ஊர்ல ஒரு தலையக்கூடத் தொடல. இங்க பண்ணைக்கு ஆளு கொறஞ்சா மிராசு சும்மா விட்டுருவாரா? எங்க குடும்பத்தையே ஊர விட்டு ஓட்டியிருப்பாரு. ஒந்தாத்தன் எந்த ஊர்க்காரனா வேணாலும் இருப்பான். சேந்தங்கரைக்காரனா மட்டும் இருக்க மாட்டான்."

இந்தச் சீமையில் ஊர் எத்தனை ஆயிரம் இருக்கும்! அதில் ஒன்றை மட்டும் நிச்சயமாகக் கழித்துவிடலாம் என்று இப்போது தெரிந்தது. அந்த ஒன்றில்தான் முருகையன் ஐம்பது வருஷம் வரப்பு மெழுகியிருக்கிறார். அவர் அப்பாவைப் புதைத்ததும் இங்கேதான்.

"ஒண்ணு பண்ணு" என்றார் ரெங்கசாமி. "நம்ம ஐயனாருக்கே எடுத்துக்க. இப்பல்லாம் யாரு கேக்கப்போறா? நான் சொல்லிக்கிறேன்."

முருகையன் எழுந்துவிட்டார். "வேணாங்கய்யா. அது எங்க சாமி இல்லன்னு எங்கப்பாவ மரத்துல கட்டிச் சொல்லிக்குடுத்தீங்க. ஒரு தடவ படிச்சாப் போதும்."

திரும்பும்போது நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "நம்ம தெருக் காத்தாயி அம்மனுக்கு எடுத்துடுங்கண்ணே. நான் பெரியவங்ககிட்டப் பேசுறேன். தங்கையன் என்ன ரேஷன் கார்டா கேக்கப்போறாரு?"

"இல்லடா. காத்தாயி ஒங்களுக்கு ஆத்தா. ஒங்க ஆளுங்க அடிபட்டப்பல்லாம் கூட இருந்தவ. நாங்க அப்ப இங்க இல்ல. எங்கப்பா தெரியாம அடுத்தவன் சாமிய எஞ்சாமின்னாரு. நான் தெரிஞ்சே சொன்னா அவரு நின்னதுக்கு அர்த்தம் வேணாமா?"

அவர் தாத்தா ஓடினார். என் பாட்டன் பூட்டன் ஓடவில்லை. ஓடினவருக்கு ஊர்ப்பெயர் போயிற்று, இருந்தவர்களுக்கு முதுகுத்தோல் போயிற்று. யார் தப்பித்தது என்று லோடு ஏற்றிக்கொண்டு தனியாகப் போகும்போது பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்குக் கணக்கு வரவில்லை.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் இப்படியே போயிற்று. தங்கையன் போன் பண்ணும்போதெல்லாம் முருகையன் வயலில் இருக்கிறார் என்று அம்சம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் கயல்விழி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே நேரடியாகக் கேட்டுவிட்டாள். நான் பழுதான தண்ணீர் மோட்டாரை வண்டியில் ஏற்றிப் போக வந்திருந்தேன்.

"மாமா, எல்லாம் அத்தை சொல்லிட்டாங்க. எங்கப்பா இருக்கட்டும். தோட்டத்துல ஒங்க தாத்தா எதைக் கும்புட்டாரு?"

முருகையன் திடுக்கிட்டுத்தான் போனார். சமாளித்துக்கொண்டு, "ஐயனாரு கோயிலுதாம்மா" என்றார்.

"அது கங்காணி கட்டுனது. திருவிழாவுக்குக் கும்புடுவாங்க. வேலைக்குப் போறப்ப எதைக் கும்புட்டாரு?"

அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "கவ்வாத்துச்சாமிய."

தேயிலைச் செடியை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்களாம். அதற்குப் பெயர் கவ்வாத்து. இலை ஒன்று இருக்காது, மலையே செத்துப்போன மாதிரி குச்சி குச்சியாக நிற்கும். இரண்டு மாதத்தில் துளிர்க்கும். தாத்தா கவ்வாத்துக்காரர். மலை உச்சியில் அவர் கையால் நட்ட கல் ஒன்று இருந்தது. வெட்டு தொடங்குகிற அன்று எல்லோரும் கத்தியை அந்தக் கல்லுக்கு முன்னால் வைத்து, பால் போடாத தேத்தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். சின்னப்பிள்ளையில் முருகையனும் தூக்குவாளியில் தேத்தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்.

"ஆனா அது கொலசாமியாம்மா? வெறும் கல்லு."

"எங்க வீட்டுச் சாமியும் கல்லுதான் மாமா. எங்க பாட்டன் நட்டாரு, ஒங்களுக்கு ஒங்க தாத்தா நட்டிருக்காரு."

முருகையன் எழுந்து வெளியே போனார். வாய்க்கால் கரையில் ரொம்ப நேரம் நின்றார். வரும்போது போனை என்னிடம் நீட்டினார். "தோட்டத்துல எங்க சின்னம்மா மவன் இருக்கான். வீடியோவுல போட்டுக் குடு."

அந்தச் சின்னம்மா மகன் மறுநாள் மலை ஏறி நின்று காட்டினான். பனிமூட்டம், பச்சை, நடுவில் முழங்கால் உயரக் கல். அதன் தலையில் குங்குமம் இருந்தது. "இன்னும் கும்புடுறாங்க அண்ணே, நம்மாளுக" என்றான். முருகையன் போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

இங்கிருந்து மலேயாவுக்கும் சிலோனுக்கும் போனவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே கோயில் வைப்பார்கள். பிடிமண் என்பார்கள். அங்கிருந்து இங்கே பிடிமண் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கூத்தாநல்லூர் ஃபஹத் துணி வியாபாரத்துக்கு மாதம் ஒரு தடவை கொழும்பு போகிறவர். அவர்கள் வீட்டு வயலுக்கும் முருகையன்தான் அண்டை வெட்டுகிறார். போய்க் கேட்டோம்.

"மண்ணா? ஏர்போர்ட்ல விடமாட்டான் மாமா. வேற எதுனா சொல்லுங்க."

"அப்ப அந்தக் கல்லுக்குப் பக்கத்துல கெடக்குற சின்னக் கல்லு ஒண்ணு."

வைகாசிக் கடைசியில் ஃபஹத் அதைக் கொண்டுவந்து கொடுத்தார். சின்னம்மா மகன் கொழும்புவரை வந்து கையில் கொடுத்தானாம். ஒரு தேங்காய் அளவு, கறுப்புக் கல். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த ஆபீசர், தங்கத்தைத்தான் உள்ளே வைத்திருக்கிறார் என்று தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். பிறகு, "ஏன்யா, கல்லையா தூக்கிட்டு வர்ற? ஒங்க ஊர்ல கல்லு கெடைக்காதா?" என்று கேட்டாராம்.

"கெடைக்காது சார், நாங்க டெல்டான்னேன்" என்றார் ஃபஹத். "சிரிச்சிட்டு விட்டுட்டாரு."

உண்மைதான். எங்கள் பக்கம் எத்தனை அடி தோண்டினாலும் வண்டலும் களியும்தான். கல் வேண்டுமென்றால் லாரியில் வர வேண்டும்.

ஆனி பிறந்து வாய்க்காலில் மேட்டூர்த் தண்ணீர் வந்தது. முருகையன் வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் ஒரு மேடை மெழுகினார். அண்டை வெட்டுகிற அதே மெழுகுதான். முடி எடுக்கிற அன்று தங்கையன் மகனோடும் நாலைந்து பேரோடும் காரில் முன்னால் வந்து இறங்கினார். சொந்தக்காரர்கள் பின்னால் வேனில் வந்துகொண்டிருந்தார்கள். மேடையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கல்லைப் பார்த்தார்.

"வீட்டுல வச்சு எடுக்கறதா போன்ல சொன்னீங்க. கோயில் இருக்கும்னு நெனச்சேன். இது என்ன சாமி சம்பந்தி?"

முருகையன் எல்லாவற்றையும் சொன்னார். ஊர் தெரியாதது, கங்காணி, அப்பா மரத்தில் நின்றது, கவ்வாத்து எல்லாம். இளம்பரிதி சிங்கப்பூரிலிருந்து வந்து நிற்கிறான், அவனுக்கே பாதிக் கதை அப்போதுதான் தெரியும். தங்கையன் பாதியில் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இத மாசியிலயே சொல்லியிருக்கலாம்ல? என்ன, பொண்ணத் திருப்பி அழச்சிக்கிட்டுப் போயிடுவேன்னு நெனச்சீங்களா?"

"நெனச்சேங்க" என்றார் முருகையன்.

தங்கையன் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு மகன் பக்கம் திரும்பினார். "டேய், என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தாய்மாமன் நீதான? வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு ஒக்காரு."

கல்லை ஊன்றக் குழி எடுத்திருந்தது. முருகையன் மடியிலிருந்து அந்தத் தகர வில்லையை எடுத்துக் குழிக்குள் வைத்தார். சாமி ஊன்றும்போது அடியில் காசு போடுகிற வழக்கம் உண்டு. அதனால் தங்கையன் எட்டிப் பார்த்தார்.

"பழைய காசுங்களா?"

"காசு இல்லீங்க. தாத்தா கழுத்துல கெடந்தது. கழட்டி வைக்கிறேன்."

மேலே கல்லை நிறுத்தி இரண்டு கையாலும் சேற்றை அறைந்து மெழுகினார். அம்சம் தூக்குவாளியில் கறுப்புத் தேத்தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கத்திக்குப் பதிலாக முருகையன் தன் மண்வெட்டியை முன்னால் வைத்தார். நாவிதர் கத்தியையும் வாங்கி ஒரு நிமிஷம் பக்கத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தார். தமிழ்நிலா மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். முடியை வெற்றிலையில் வாங்கிக் கயல்விழிதான் வாய்க்காலில் விட்டாள்.

அந்த நேரம் தங்கையன் போன் அடித்தது. வேன் டிரைவர். ஊருக்குள் வந்துவிட்டதாகவும் கோயில் கோபுரம் எதுவும் தெரியவில்லை என்றும் கத்தினான். எந்தக் கோயில் என்று கேட்டுக்கொண்டு வருவது என்றான்.

தங்கையன் போனை முருகையனிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி."

முருகையன் கையில் இருந்த சேற்றை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"கீழத்தெருவுக்கு வாங்க தம்பி. சிலோன் முருகையன் வீட்டுச் சாமின்னு கேளுங்க. சின்னப்புள்ளையும் காட்டும்."